ஒரே இரவில் ஒரு நாடகம்!

குட்டீஸ், ஆழ்வார்திருநகரி என்றதும் நம்மாழ்வாரும், அவர் அமர்ந்திருந்த புளியமரமும் உங்கள் நினைவுக்கு வரும், இல்லையா? அதே தூத்துக்குடி மாவட்டம் தந்த இன்னொரு தமிழ்ப் பெரியவரைத் தெரியுமா? அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள்!

தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில், 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். பிறகு உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். ஆனால், மனசெல்லாம் நாடகத்தில்தான்! 24 வயதில் வேலையை விட்டு மேடை ஏறிவிட்டார்.

எமன், ராவணன், இரணியன், சனீஸ்வரன்... இப்படிப் பயங்கரமான வேடங்களில் வெளுத்துக் கட்டினார். ஒருநாள் விடியற்காலை, சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனார். எதிரே வந்த பெண் ஒருவர் அந்தக் கோலத்தைப் பார்த்துப் பயந்து விழுந்தார், உயிரே போய்விட்டதாம்! சுவாமிகள் துடித்துப்போனார். 'இனி நடிப்பு வேண்டாம்' என்று முடிவெடுத்தார் என்று சொல்வார்கள்.

அதன்பின் அவர் நாடக ஆசிரியர் ஆனார். அந்தக் காலத்தில் நடிகர்கள் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். பாட்டு, வசனம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக் கொடுத்து, அதற்கு ஒரு முறையைக் கொண்டு வந்தவர் சுவாமிகள். 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'சத்தியவான் சாவித்திரி' எல்லாம் அவர் எழுதியவைதான். ஷேக்ஸ்பியரும் இவரைப் போலவே நடிகர், எழுத்தாளர். அவருடைய 'சிம்பலைன்' நாடகத்தையும் சுவாமிகள் தமிழ் மேடைக்குக் கொண்டு வந்தார்.

1918-இல் மதுரையில் சிறுவர்களுக்காகவே ஒரு நாடக சபா தொடங்கினார். வீட்டை விட்டு வந்த அந்தப் பிள்ளைகளுக்கு மேடைதான் பள்ளிக்கூடம். அவர்களில் ஒருவன் டி.கே.சண்முகம், வயது ஆறுதான்! அவன் நடிப்பதற்காக சுவாமிகள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினார். பொழுது விடிந்தபோது 'அபிமன்யு சுந்தரி' நாடகம் முழுதாக நோட்டில் இருந்தது! அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் அவ்வையாராக நடித்து 'அவ்வை சண்முகம்' என்று புகழ்பெற்றார்.

1921-இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. எத்தனையோ பேருக்குப் பேசக் கற்றுத் தந்தவரால் பேச முடியவில்லை. 1922, நவம்பர் 13-ஆம் தேதி புதுச்சேரியில் மறைந்தார். ஆனால், அவர் எழுதிய வசனத்தை அவருடைய மாணவர்கள் மேடை மேடையாகப் பேசினார்கள்.

உங்கள் ஊர்த் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நடந்தால், தூங்கிவிடாமல் பாருங்கள், குட்டீஸ். பேசுவது நம்ம ஊர் சுவாமிகளின் தமிழ்!