வீடு கட்டும் முன்பே கரண்ட் பில் தெரியுமா? டெல்டா வீடுகளும் 'எனர்ஜி சிமுலேஷன்' மென்பொருளும்

சித்திரை வந்துவிட்டால் தஞ்சாவூர் பக்கம் கான்கிரீட் வீடுகளில் ராத்திரி 10 மணிக்கும் ஃபேன் அனலைத்தான் இறக்குகிறது. "இவ்ளோ செலவு பண்ணி கட்டியும் ஏசி இல்லாம படுக்க முடியல" என்பது டெல்டாவில் சகஜமான புலம்பல். அஸ்திவாரம் தோண்டும் முன்பே இதைக் கணித்துவிட முடியும். அதற்காக ஆர்க்கிடெக்ட்கள் பயன்படுத்துவதுதான் 'பில்டிங் எனர்ஜி சிமுலேஷன்' மென்பொருள்.

எப்படி வேலை செய்கிறது?

வீட்டின் பிளான், சுவர், கூரை, ஜன்னல் விவரம், எத்தனை பேர் இருப்பார்கள், எந்தெந்த மின்சாதனங்கள் ஓடும் என எல்லாவற்றையும் உள்ளிட வேண்டும். கூடவே அந்தப் பகுதியின் ஓராண்டு வானிலைத் தகவல். ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் ஒவ்வொரு அறையின் சூட்டையும் மின்செலவையும் மென்பொருள் கணக்கிடும். அமெரிக்க எரிசக்தித் துறை உருவாக்கி 2001-ல் வெளியான 'எனர்ஜிபிளஸ்' இலவசமாகவே கிடைக்கிறது.

முக்கிய வில்லன் யார்?

கூரைதான். ஏப்ரல் 18, ஆகஸ்ட் 25 வாக்கில் தஞ்சாவூரில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பகலில் கான்கிரீட் குடித்த வெப்பம், ராத்திரி அறைக்குள் இறங்கும்.

மத்திய அரசின் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018' விதிப்படி, கூரை வழியே வெப்பம் கடத்தும் அளவு, அதாவது 'யூ வேல்யூ', 1.2-ஐத் தாண்டக் கூடாது. வெறும் 6 அங்குல கான்கிரீட் கூரைக்கு இது 3-க்கும் மேல். ஆனால் இந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. சின்ன மனையில் கட்டுபவர்கள் தாங்களாகத்தான் கவனிக்க வேண்டும்.

பழைய வீடு மட்டும் ஏன் குளுகுளு?

திண்ணை, முற்றம், தாழ்வாரம், நாட்டு ஓடு. இவை நிழலும் காற்றோட்டமும் தருபவை. நாகப்பட்டினம் கடலோரப் பாரம்பரிய வீடுகளை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வும் இதை உறுதி செய்தது. அதற்காக எல்லோரும் ஓட்டு வீட்டுக்குத் திரும்ப முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் கூரை வீடுகளையும் ஓட்டு வீடுகளையும் என்ன செய்தது என்பதை டெல்டா மறக்கவில்லை. புயலையும் தாங்கணும், வெயிலையும் தாங்கணும் என்பதுதான் இப்போதைய கேள்வி.

அப்படியே நம்பலாமா?

முழுசாக நம்ப முடியாது. வானிலைத் தகவல் பெரும்பாலும் பக்கத்து நகர நிலையத்தில் எடுத்தது. தண்ணீர் நிற்கும் வயலுக்கு நடுவே உள்ள வீட்டின் ஈரப்பதம் அதில் தெரியாது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலை மூடி வைத்தாலும் கணக்கு மாறிவிடும். எனவே பில் தொகையைத் துல்லியமாகச் சொல்லும் ஜோசியமாக இதை எடுத்துக்கொள்ளாமல், இரண்டு டிசைன்களில் எது மேல் என்று ஒப்பிடப் பயன்படுத்துவதே சரி.

கட்டும் முன் கேட்க வேண்டியவை

• கூரையில் வெப்பத்தடுப்பு போட்டால், போடாவிட்டால், படுக்கையறைச் சூடு எவ்வளவு மாறும்?
• மேற்குச் சுவர் ஜன்னலுக்கு எவ்வளவு நீள சன்ஷேடு வேண்டும்?
• தென்மேற்குக் காற்று உள்ளே வந்து வெளியேற எதிரெதிர் ஜன்னல் இருக்கிறதா?

2 மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே எகிறும் தமிழ்நாட்டில், பிளானில் செய்யும் ஒரு திருத்தம் ஒவ்வொரு கோடையிலும் பில்லைக் குறைக்கும். கூரை போட்ட பிறகு திருத்துவதற்குத்தான் செலவு அதிகம்.