பார் உயரமா, கால் உயரமா?

சைக்கிள் வாங்குவது என்றால் தோட்டத்திலே நம்மவர்களுக்கு ஒரே கணக்குத்தான். "பெரிசா பாத்து வாங்குப்பா, பையன் வளருவான்ல!" பள்ளிச் சட்டைக்கும் சப்பாத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சட்டை தொளதொளவென்று இருந்தால் யாருக்கும் காயம் வராது. சைக்கிள் சமாச்சாரம் வேறு. அதுவும் தார் ரோட்டை விட்டு இறங்கி, செம்மண் பாதையிலும் செம்பனை நிரைகளுக்கு நடுவிலும் ஓடுகிற சைக்கிள் என்றால் கேட்கவே வேண்டாம்.

செமினி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். ரிஞ்சிங், டொமினியன், செமினி என்று தோட்டத்துப் பெயர்களாலேயே நாம் அறிந்திருந்த இடம் இது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் பலவற்றில் இன்று வீடமைப்புகள். ரிஞ்சிங் பெயர்கூட இப்போது ஒரு பண்டாருக்குப் பெயராகிவிட்டது. ஆனாலும் பெரிய ரோட்டை விட்டுத் திரும்பினால் பள்ளமும் மேடுமாக மண் தடம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோகா பக்கமும் உலு லங்காட் பக்கமும் பட்டணத்துச் சைக்கிளோட்டிகளைப் பார்க்கலாம். அவர்கள் தங்கள் உடம்பை அளந்து பார்த்து வண்டி வாங்குகிறார்கள். நம் பிள்ளைகளோ பழைய சாமான் கடையில் எது மலிவோ அதைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். அது ஐந்தடி பத்தங்குல ஆளுக்குச் செய்த வண்டியாக இருக்கும். ஏறுகிறவனுக்கு வயது பன்னிரண்டு!

இது இன்று நேற்று வந்த தொல்லையல்ல. நம் தாத்தாமார் ஓட்டிய ராலி சைக்கிளை நினைத்துப் பாருங்கள். 28 அங்குலச் சக்கரம். பிரேம் 22 அங்குலம், இல்லாவிட்டால் 24. சின்ன பிரேமிலேயே தரைக்கும் பாருக்கும் இடையே ஏறத்தாழ 32 அங்குல உயரம் வரும். ஐந்தடி நாலங்குல ஆளுக்குக் கவட்டு உயரம் 29 அல்லது 30 அங்குலம்தான். அதாவது இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கவே முடியாது. அதனால்தான் பெரியவர்கள் வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, காலைத் தூக்கிப் போட்டு ஏறினார்கள். நிறுத்தும்போது ஒரு பக்கமாகக் குதித்து இறங்கினார்கள். சிறுவர்கள் பாருக்கு மேலே போகாமல், அதன் அடியில் காலை நுழைத்து மிதித்தார்கள். தமிழ்நாட்டில் இதைக் குரங்குப் பெடல் என்பார்கள். 2024ல் அந்தப் பெயரிலேயே ஒரு திரைப்படம் வந்தது.

பாருக்கு நல்ல பக்கமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அங்கே கலெக்டர். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்களாம்! கெட்டிக்காரத்தனம்தான். சமதரையில், மெதுவாகப் போகும்போது அது சரி.

மண் பாதையில் ஏன் சரியில்லை? தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் சக்கரம் நிற்கிற மட்டத்திலேயே காலும் ஊன்றும். தோட்டத்து ரோட்டில் லாரி சக்கரம் போன பள்ளம் மூன்று அங்குலம் இருக்கும். சக்கரம் மேட்டில், கால் பள்ளத்தில்! மூன்று அங்குல இடைவெளி வைத்திருந்தவனுக்கு அந்த நிமிடம் மிச்சம் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, முன்சக்கரம் வேரிலோ மட்டையிலோ முட்டினால் உடம்பு சீட்டை விட்டு வழுக்கி முன்னால் வரும். அங்கே காத்திருப்பது அந்த இரும்புக் குழாய்தான்.

ஆகவே தார் ரோட்டுக்கு ஓர் அங்குல இடைவெளி போதும் என்றால், மண் பாதைக்குக் குறைந்தது இரண்டு அங்குலம் வேண்டும். மூன்று, நான்கு இருந்தால் நல்லது. அளப்பது சுலபம். பையனை ஓட்டும்போது போடுகிற சப்பாத்தோடு சுவரில் முதுகு ஒட்ட நிற்க வையுங்கள். தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேலே அழுத்துங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளங்கள். அதுதான் கவட்டு உயரம். பிறகு வண்டியில், சீட்டு மூக்குக்குச் சற்று முன்னால், அவன் நிற்கப்போகிற இடத்தில் பாரின் உயரத்தை அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இடைவெளி.

மௌண்டன் பைக் பிறந்த கதையும் மண் பாதைதான். 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மாரின் வட்டாரத்து இளைஞர்கள் பருத்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் மலைச் சரிவில் இறங்கி விளையாடினார்கள். 1981ல் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்த வண்டி கடைக்கு வந்தது. பின்னால் பாரைச் சீட்டுப் பக்கம் சரித்து வைக்கிற வழக்கம் பரவியது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதிலும் ஒரு சூது இருக்கிறது. பார் தாழ்ந்திருப்பதால் பெரிய வண்டிகூடப் பொருந்துவது போலத் தெரியும். உட்கார்ந்து பார்த்தால் ஹேண்டில் எட்டாது. முழங்கை விறைத்து, முதுகு நீண்டு, பிரேக் பிடியை விரல் நுனியால் தேட வேண்டிவரும். ஆகவே உட்கார வைத்தும் பாருங்கள். முழங்கை கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். தவுக்கே "சீட்டை எறக்கினா சரியாயிடும்" என்பார். சீட்டு இறங்கும், பார் இறங்காது! மறுபக்கம், சின்ன வண்டியில் சீட்டுக் கம்பியை அதிலுள்ள எல்லைக் கோட்டுக்கு மேலே இழுத்து வைப்பதும் ஆபத்து, குலுங்கலில் உடையும்.

இனிச் சொல்வது பேச வெட்கப்படுகிற விஷயம். பாரில் கவட்டில் அடிபட்ட பையன் வீட்டில் சொல்ல மாட்டான். அம்மாவிடம் எப்படிச் சொல்வான்? பெண் பிள்ளை இன்னும் மோசம், வாயே திறக்காது. தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். சிறுநீரில் இரத்தம், உள்ளாடையில் இரத்தக் கறை, வீக்கம், சிறுநீர் போக முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காஜாங் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சிறுநீர்க் குழாயில் பட்ட காயம் ஆறினாற்போல இருந்து, மாதங்கள் கழித்துத் தழும்பாகிக் குழாயைச் சுருக்கிவிடும். ஹேண்டில் முனை வயிற்றில் குத்தியிருந்தாலும் அப்படித்தான். வெளியே சின்ன நீலம், உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே பெரிய வண்டி நிற்கிறதா? தம்பிக்கு வேண்டாம், அண்ணனுக்குக் கொடுங்கள். அண்ணன் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் வளர்ந்தவன் ஒருவன் இருப்பான். அவனுக்குச் சின்னதாய்ப் போன வண்டி உங்கள் பையனுக்குச் சரியாக இருக்கும். மாற்றிக்கொள்ளுங்கள். காசும் மிச்சம்.