32 கிலோபைட்டில் ஒரு நரகம்

சென்ற வாரம், ராண்டி லிண்டன் 1995-இல் டூம் ஆட்டத்தைச் சூப்பர் நிண்டெண்டோவுக்குள் கொண்டுவந்த விதத்தைப் பார்த்தோம். அங்கே காட்ரிட்ஜுக்குள்ளேயே சூப்பர் எஃப்எக்ஸ் 2 என்ற துணைச் சில்லு இருந்தது. கணக்குப் போடும் பாரத்தை அது தூக்கியது. 2001-இல் விற்பனைக்கு வந்த கேம் பாய் அட்வான்ஸுக்கு அந்த உதவி கிடையாது. 16.78 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏஆர்எம்7 செயலி, 240-க்கு 160 பிக்சல் கொண்ட, உள்ளே விளக்கில்லாத திரை, இரண்டு பேட்டரி. முப்பரிமாணத்துக்கென்று தனி வன்பொருள் எதுவும் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் டூம் அதிலும் வந்துவிட்டது. அந்த போர்ட்டை, அதாவது வேறு கருவிக்கு மாற்றிய பதிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதன் குறைகளையே வரிசையாகச் சொல்கிறார்கள்: ரத்தம் பச்சை, சைபர்டீமன் என்ற பெரிய பூதம் இல்லை, லெவல்கள் எளிமையாக்கப்பட்டுவிட்டன. கடைசியில், அந்தச் சின்னக் கருவியால் முடிந்தது அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறார்கள். குறைகள் உண்மைதான். ஆனால் அவற்றுக்குச் சொல்லப்படும் காரணம் தவறு என்பது என் கட்சி. அந்த வெட்டுகளில் பெரும்பாலானவை கருவியின் ஏழ்மையால் விழுந்தவை அல்ல.

முதலில் நினைவகக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கருவியின் மீது பழி போடுகிறவர்கள் தொடங்குவதும் அங்கேதான். 1993 டிசம்பரில் வெளிவந்த மூல டூம் ஓடுவதற்கு 4 எம்பி நினைவகம் கேட்டது. கேம் பாய் அட்வான்ஸில் செயலிக்குள் 32 கிலோபைட், வெளியே 256, திரைக்கு 96, ஆக மொத்தம் 384 கிலோபைட். பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று இதைக் கேட்டதும் தோன்றும். ஆனால் இரண்டு எண்களும் ஒரே பொருளை அளப்பவை அல்ல. கணினியில் ஆட்டத்தின் தரவு வட்டில் கிடக்கிறது. சுவரின் படமோ பூதத்தின் படமோ எதுவானாலும் நினைவகத்துக்கு ஏற்றிய பிறகுதான் செயலி அதைத் தொட முடியும். அந்த 4 எம்பியில் பெரும்பகுதி இப்படி ஏற்றி வைப்பதற்கே செலவாகிறது. காட்ரிட்ஜ் அப்படியல்ல. அதன் 32 எம்பி வரையான இடம் முழுவதும் செயலியின் கண்முன் நேரடியாக விரிந்திருக்கிறது. சுவரின் படம் இருந்த இடத்திலேயே இருக்கும். வரைகிற நேரத்தில் அங்கிருந்தே படித்துக்கொள்ளலாம். மாறிக்கொண்டே இருப்பவை, அதாவது பூதங்கள் நிற்கும் இடம், கதவுகளின் நிலை, பறந்துகொண்டிருக்கும் குண்டுகள் ஆகியவை மட்டுமே நினைவகத்தில் இருந்தால் போதும். டூமின் தரவுக் கோப்பு சுமார் 11 எம்பி. கருவி அனுமதித்த இடத்தில் அது தாராளமாக அடங்கும். அடங்காமல் போனது தயாரிப்புச் செலவுக் கணக்கில்தான். பெரிய காட்ரிட்ஜ் என்றால் ஒவ்வொரு பிரதிக்கும் கூடுதல் விலை.

கருவி உண்மையிலேயே நெருக்கிய இடங்கள் வேறு. அவற்றை மறைத்துவிட்டு வாதம் செய்வது நேர்மையாகாது. காட்ரிட்ஜிலிருந்து ஒரே நேரத்தில் 16 பிட் மட்டும்தான் படிக்க முடியும், அதுவும் மெதுவாக. 32 பிட் வேகத்தில் இயங்குவது செயலிக்குள் இருக்கும் அந்த 32 கிலோபைட் மட்டும். ஆகவே ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப ஓடும் வரிகளை, அதாவது சுவரை ஒரு பட்டையாகவும் தரையை ஒரு கீற்றாகவும் வரையும் நிரலை, அந்தச் சின்ன அறைக்குள் குடியேற்ற வேண்டும். இரண்டாவது நெருக்கடி, இந்தச் செயலிக்கு வகுத்தல் தெரியாது. கூட்டும், கழிக்கும், பெருக்கும். வகுக்கக் கட்டளையே கிடையாது. டூமோ திரையில் ஒவ்வொரு சுவர்ப் பட்டைக்கும் ஒருமுறை வகுக்கச் சொல்கிறது. முன்கூட்டியே கணக்கிட்ட விடைகளை ஓர் அட்டவணையாகக் காட்ரிட்ஜில் அடுக்கி வைத்துவிட்டால், வகுத்தல் வெறும் தேடலாகிவிடும். மூன்றாவது, திரை நினைவகத்தில் ஒரே ஒரு பைட்டை எழுதினால் அது பக்கத்துப் பிக்சலிலும் தானாகப் பதிந்துவிடும். இது வன்பொருளின் விசித்திரமான குணம். ஒற்றைப் பிக்சல் அகலத்தில் கோடு போடுவது அங்கே செலவு மிகுந்த வேலை, இரட்டைப் பிக்சல் அகலத்தில் போடுவது மலிவு. இந்தக் கருவியில் சுவர்கள் கிடைமட்டமாகக் கொரகொரப்பாகத் தெரிவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இவற்றில் எதுவும் சைபர்டீமனை நீக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கருவி கேட்டது படத்தின் கூர்மையை மட்டும்தான்.

அதைக் கொடுத்துவிட்டால் டூம் டூமாக இருக்குமா? இருக்கும். காரணம், டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் 1993-இலேயே இதே பேரத்தை ஒருமுறை பேசி முடித்திருந்தது. ஜான் கார்மாக் எழுதிய டூமின் இயந்திரத்தில், அதாவது ஆட்டத்தை ஓட்டும் அடிப்படை நிரலில், ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை கிடையாது, தலையைத் தூக்கியோ தாழ்த்தியோ பார்க்க முடியாது, மேலே பால்கனியில் நிற்கும் பூதத்தை நோக்கித் துப்பாக்கி தானாகவே நிமிர்ந்துகொள்ளும். அன்றைய 386, 486 கணினிகளின் வலுவின்மைக்காகச் செய்த விட்டுக்கொடுப்புகள் இவை. எட்டு ஆண்டுகள் கழித்து, நான்கு திசைக் கட்டையும் ஆறு பட்டனும் மட்டுமே கொண்ட கருவிக்கு அவையே வரமாக அமைந்தன. குறி பார்க்க மவுஸ் தேவையில்லாத ஆட்டம் என்பதால், தோள்பக்கத்து இரண்டு பட்டன்களையும் பக்கவாட்டில் நகர்வதற்கு ஒதுக்க முடிந்தது. டூமின் உயிர் அந்தப் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. இம்ப் என்ற பூதம் எறியும் நெருப்புருண்டையிலிருந்து விலகி, விலகிய அதே வீச்சில் திருப்பிச் சுடுவது. கை அழுத்திய கணத்துக்கும் கண் பார்க்கும் கணத்துக்கும் இடையில் தாமதம் புகுந்துவிட்டால், எவ்வளவு அழகான சுவர் இருந்தும் பயனில்லை. தாமதம் புகாதவரை, பட்டை பட்டையாகத் தெரியும் சுவரும் நரகத்தின் சுவர்தான்.

அப்படியானால் அந்தப் பெரிய பூதங்கள் எங்கே போயின? 2001-இல் டேவிட் ஏ. பால்மர் புரொடக்‌ஷன்ஸ் செய்து ஆக்டிவிஷன் வெளியிட்ட அந்த போர்ட் கணினி மூலத்திலிருந்து வரவில்லை. 1994-இல் அட்டாரி ஜாகுவாருக்காகக் கார்மாக் செய்த பதிப்பின் வழியாக வந்தது. 2 எம்பி நினைவகம் கொண்ட ஜாகுவாருக்காகத்தான் லெவல்கள் எளிமையாக்கப்பட்டன, சைபர்டீமனும் ஸ்பைடர் மாஸ்டர்மைண்டும் விடுபட்டன. ஒரு நூலை மூலத்திலிருந்து பெயர்க்காமல், ஏற்கெனவே சுருக்கிய பதிப்பிலிருந்து பெயர்த்ததைப் போன்றது இது. சுருக்கியவரின் கத்தரிப்பு, பெயர்த்தவரின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. ஜாகுவாரில் ஆட்டத்தின் நடுவே இசையே கிடையாது. கேம் பாய் அட்வான்ஸ் பதிப்பு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்த நற்செயலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பச்சை ரத்தத்துக்கும் செயலிக்கும் சம்பந்தமே இல்லை. சிவப்பும் பச்சையும் செயலிக்கு வெறும் எண்கள். கணினியில் பெரியவர்களுக்கானது என்று முத்திரை பெற்ற ஆட்டம், இங்கே பதின்பருவத்தினருக்கானது என்ற தரச்சான்றோடு வெளிவந்தது. அது சந்தை எடுத்த முடிவு, எனக்கு அது பிடிக்கவில்லை. மறுவருடமே ஆஸ்திரேலியாவின் டோரஸ் கேம்ஸ், ஜாகுவாரைத் தொடாமல் சொந்த இயந்திரத்தை எழுதி டூம் 2-ஐ இதே கருவிக்குக் கொண்டுவந்தது. பெரிய லெவல்களைக் குறைப்பதற்குப் பதில் சிலவற்றை இரண்டாகப் பிளந்து வைத்தார்கள். ரத்தம் அதிலும் பச்சைதான், ஆனால் ஆட்டத்தின் உடல் பெரிதும் முழுமையாக இருந்தது.

இதற்கு மேலும் சான்று வேண்டுமென்றால், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துப் பொழுதுபோக்காக எழுதப்பட்ட ஜிபிஏடூம் இருக்கிறது. டூமின் மூலநிரல் 1997-இல் வெளியிடப்பட்டது. அதன் வழிவந்த பிஆர்பூம் என்ற திறமூலப் பதிப்பைச் செதுக்கிச் செதுக்கி, கணினியின் லெவல்களையும் பூதங்களையும் அதே பழைய கருவியில் ஓட வைத்தார்கள். இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இருபது ஆண்டு அனுபவம், நல்ல கருவிகள், கெடு என்ற ஒன்றே இல்லாத ஓய்வு நேரம் ஆகியவற்றோடு செய்த வேலையை, கருவி சந்தைக்கு வந்த ஆண்டிலேயே முடித்துக் கொடுக்க வேண்டியிருந்த குழுவின் வேலையோடு எப்படி ஒப்பிடலாம்? ஒப்பிட்டு அந்தக் குழுவைக் குறைசொல்லக் கூடாது என்பதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்த மறுப்பே என் கட்சியைத்தான் பலப்படுத்துகிறது. இரண்டு பக்கமும் கருவி ஒன்றுதான். மாறியவை கால அவகாசமும் காசும் எடுத்துக்கொண்ட மூலமும். வெட்டியது எது என்று கேட்டால், இந்த மூன்றையும்தான் கைகாட்ட வேண்டும்.

இன்னொரு மறுப்பு திரையைப் பற்றியது. இருட்டையே ஆயுதமாக்கிய ஓர் ஆட்டத்தை விளக்கில்லாத திரையில் எப்படி ஆடுவது? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உள்விளக்கோடு கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி வந்தது 2003-இல்தான், அதற்குள் இரண்டு டூம்களும் கடைக்கு வந்துவிட்டன. இந்த ஒரு பழியைக் கருவி ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

தலையைத் தூக்கிப் பார்க்கவும், அறைக்கு மேல் அறை ஏறவும் அனுமதிக்கும் குவேக் என்ற ஆட்டத்தைப் பற்றி நான் இதுவரை பேசவில்லை. டூமுக்குப் பொருந்திய பேரம் அங்கே செல்லுபடியாகாது. ஆனாலும் அதே ராண்டி லிண்டன் அதையும் இந்தச் சின்னக் கருவியில் ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வராமலே கிடந்த அந்த முன்மாதிரி 2022-இல்தான் வெளியுலகுக்கு வந்தது. அதை அடுத்த வாரம் பிரித்துப் பார்ப்போம்.

(தொடரும்)