கண்ணாடிக் கிண்ணத்திற் பூச்சியின் நரம்பு

நஞ்சொன்று பூச்சியைக் கொல்லுமிடத்து, அது நரம்பை நேரே தாக்கியதா, வேறோர் உறுப்பின் வாயிலாகத் தாக்கியதா என்பது புறத்தே நோக்குவார்க்குப் புலனாகாது. இவ்வையத்தை நீக்குதற்கு நரம்புக் கலத்தை உடலினின்றும் பிரித்து, உயிரோடு வைத்து ஆராய்தல் வேண்டும்.

1907ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் றொஸ் ஹரிசன், தவளை முளையத்தின் நரம்பிழையத்தை ஒரு துளி நிணநீரில் இட்டு, நரம்பு நார் கலத்தினின்றே முளைத்து நீளுதலைக் கண்டார். பூச்சியினத்தில் இம்முறை பிற்காலத்திலேயே கைகூடிற்று. கரப்பான் முளையத்தின் நரம்புத் தொகுதியினின்றும் நார்கள் வளருதலை 1969இல் சென், றீற்றா லெவி-மொண்டல்சினி ஆகிய இருவரும் வெளியிட்டனர். பின்னவர் நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டமைக்காக 1986இல் நோபெல் பரிசிற் பங்கு பெற்றவராவர்.

இதன் செய்முறை வருமாறு: கரப்பானின் முட்டையுறையைத் தூய்மை செய்து திறந்து, முளையங்களின் நரம்புத் திரட்டுக்களை நுணுக்குக்காட்டியின் கீழ் வெட்டியெடுப்பர். அவற்றைத் தனிக் கலங்களாகப் பிரித்து, உப்புக்களும் வெல்லமும் அமினோவமிலங்களும் கலந்த நீரில் இடுவர். நுண்ணுயிர் ஒன்று புகுந்தாலும் முயற்சி முழுவதும் பாழாகும். சில நாட்களிற் கலங்கள் நார் விடும். பின்னர் அந்நார்கள் ஒன்றையொன்று தொட்டு வலைபோலப் பின்னும். ஈண்டு 'வளர்த்தல்' என்பது பெருக்குதலன்று. முதிர்ந்த நரம்புக் கலம் பிரிந்து பெருகாதாகையால், ஒவ்வொரு முறையும் புதிய முளையங்களையே நாடவேண்டும்.

இக்கலத்தின்மேல் நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையைப் பொருத்தி, அதனூடு பாயும் மின்னோட்டத்தை அளக்கலாம். இமிடாக்குளோபிரிட் என்னும் பூச்சிநாசினி, நரம்புச் செய்தியைக் கடத்தும் அசற்றைல்கோலின் என்ற பொருளுக்குரிய வாங்கிகளிற் பற்றி, அவற்றைத் தூண்டுகின்றது என்பது இவ்வாறு நேரே அளந்தறியப்பட்டது. பயிரை அழிக்கும் பூச்சியிடத்து மட்டுமன்றி, மகரந்தஞ் சேர்க்கும் தேனீயிடத்தும் அவ்வாங்கிகள் உள. கிண்ணத்தில் வளர்த்த தேனீயின் நரம்புக் கலங்களும் அந்நஞ்சுக்கு வசப்பட்டன.

எனினும் கலம் அறிவிப்பது ஓரளவே. நஞ்சுண்ட தேனீ தன் கூட்டுக்கு மீளுமா என்பதைக் கிண்ணம் கூறாது. பிரான்சில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வொன்றில், அதே இனத்ததாகிய தயாமெதொக்சாம் என்னும் நஞ்சைக் கொல்லாத சிற்றளவில் ஊட்டி, முதுகில் நுண்ணிய வானொலிக் குறியொட்டித் தேனீக்களை வெளியே விட்டனர். நஞ்சு பெறாதனவற்றிலும் பார்க்க, பெற்றவற்றுட் பல கூடு திரும்பவில்லை. இவ்விரண்டு நஞ்சுகளையும் இவற்றோடொத்த இன்னொன்றையும் திறந்த வெளிப் பயிர்களுக்கு இடுதலை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடைசெய்தது.

நஞ்சு எவ்விடத்திற் பற்றுகின்றதென்பதைக் கிண்ணம் காட்டும். அதனால் உயிர் எய்தும் கேட்டைக் கழனியே காட்டும். பயிரையும் தேனீயையும் ஒருங்கே காக்க விழைவோர்க்கு இவ்விரு சான்றுகளும் வேண்டும்.