இணைப்புக் குளம்

1924 ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய மலைநாட்டுப் புகையிரதப் பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதையாகும். நிலைய அதிபரிடம் 'டேப்லெட்' என்னும் வில்லையைப் பெற்றாலன்றிச் சாரதி அடுத்த நிலையத்துக்கு வண்டியைச் செலுத்தலாகாது என்பது அப்பாதையில் நெடுங்காலம் வழங்கிய ஒழுங்கு. வில்லை அந்நிலையத்தில் ஒப்படைக்கப்படும்வரை பின்வரும் வண்டிக்கு வழியில்லை. ஜாவா மொழியில் இயற்றப்படும் இணையச் செயலி தரவுத்தளத்தோடு தொடர்பு கொள்ளும் முறையும் ஏறத்தாழ இத்தகையதே.

தோட்டப் பாடசாலை மாணவி ஒருத்தி பரீட்சைப் பெறுபேற்றை அறியத் தன் சுட்டெண்ணை இடுகிறாள் என்க. அதனைத் தேடத் தரவுத்தளத்துக்கு ஓர் இணைப்பு வேண்டும். இணைப்பைப் புதிதாக உண்டாக்குதல் எளிதன்று. வலையமைப்பில் தொடர்பு ஏற்படுத்தல் வேண்டும், கடவுச்சொல்லைச் சோதித்தல் வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமாயின் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயன்முறை ஒன்று தோன்றுதலும் வேண்டும். விடை காணும் நேரத்தினும் கதவு திறக்கும் நேரம் மிகுதியாவதுண்டு. ஆகவே சில இணைப்புகளை முன்னரே ஆக்கி வைத்து, வேண்டும்போது இரவல் கொடுத்து மீளப் பெறுவர். 'பூல்' எனப்படும் இவ்வேற்பாட்டை இணைப்புக் குளம் எனலாம்.

இன்று பெரிதும் வழங்கும் 'ஹிகாரி' என்னும் குளத்தில், வேறு கட்டளை இல்லையேல், இணைப்புகள் 10 மட்டுமே. ஆயிரக்கணக்கானோர் வருங்கால் 10 போதுமோ என ஐயுறுவோர் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு வினாவுக்கு ஆயிரத்தில் 5 பங்கு வினாடி செல்லுமாயின், 10 இணைப்புகள் ஒரு வினாடியில் 2000 வினாக்களுக்கு இடங்கொடுக்கும். எண்ணிக்கையை வாளா பெருக்கின், தரவுத்தளக் கணினி பலருக்கிடையே அலைக்கழிந்து மந்தமாகும்.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. இரவல் பெற்ற நிரல் இடைநடுவில் பிழைபட்டு நின்றுவிட, இணைப்பைத் திருப்பும் வரி இயங்காமற் போகலாம். இவ்வாறு பத்து முறை நேர்ந்தால் குளம் வற்றும். அதன்பின் வருவோர் ஒவ்வொருவரும் 30 வினாடி காத்திருந்து வெறுங்கையுடன் மீள்வர். தரவுத்தளத்திலோ யாதொரு பழுதும் இராது! செயலியை நிறுத்தி மீள இயக்கினால் நோய் தீர்ந்தது போலத் தோன்றும். சில நாளில் மீண்டும் வரும். நோயின் மூலத்தை மறைப்பது இதுவே.

2011 இல் வெளிவந்த ஜாவா 7, பிழை நேரினும் தானே மூடும் 'டிரை' அமைப்பைத் தந்தது. குளத்திலிருந்து பெற்ற இணைப்பை மூடுதல் என்பது அதனை அறுத்தலன்று, ஒப்படைத்தலே. இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு வேறொரு சேவையின் மறுமொழிக்குக் காத்திருக்கும் நிரலும் குளத்தை வற்றச் செய்யும். அதனை 'டிரை' தடுக்காது. குறித்த நேரத்துக்குள் திரும்பாத இணைப்பை எந்த நிரற்பகுதி பெற்றது எனக் காட்டும் வசதி ஹிகாரியில் உண்டு. ஆயினும் நேரவரம்பைக் குறித்துக் கொடுத்தாலன்றி அது இயங்காது.