பழைய பிஸ்டனைத் தூக்கிப் போடாதீங்க... காரணம் அதில்தான் இருக்கு!

பால் கேன், மீன் பெட்டி, டீ கேன், வாழைத்தார்... டி.வி.எஸ் மொபெட் சுமக்காத சுமை தமிழ்நாட்டில் இல்லை. 1980-ல் டி.வி.எஸ் 50 வந்தது. அந்த வழியில் வந்த எக்ஸ்.எல் சூப்பரின் டூ ஸ்ட்ரோக் இன்ஜினை நம்பி இன்றும் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்.எல் 100 வந்த பிறகும் பழைய வண்டியை விட அவர்களுக்கு மனசில்லை.

அந்த வண்டி வெயிலில் சுமையோடு போகும்போது இழுவை குறைந்து, சத்தம் மாறி, பொசுக்கென்று நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் ஸ்டார்ட் ஆகும். 'சரியாகிடுச்சு' என்று ஓட்டுவார்கள். அடுத்த வாரம் ஒரேயடியாகப் படுத்துவிடும். மெக்கானிக்குகள் 'பிஸ்டன் பிடிச்சிடுச்சு' என்பது இதைத்தான்.

உடனே புது பிஸ்டன் போடுகிறார்கள். சில மாதத்தில் அதுவும் பிடிக்கிறது. செலவு இரண்டு மடங்கு, வருமானம் இல்லாத நாள்களும் இரண்டு மடங்கு. முதல் பிஸ்டன் ஏன் போனது என்று யாரும் பார்க்காததுதான் காரணம்.

பிஸ்டன் அலுமினியம்; அது ஓடும் சிலிண்டரின் உள்சுவர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். நடுவே இருப்பது மயிரிழை இடைவெளியும் ஆயில் படலமும் மட்டுமே. இந்த இன்ஜினில் ஆயிலுக்குத் தனித் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் உயிர்.

போனில் டார்ச் இருந்தால் போதும்

இன்ஜினைப் பிரிக்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்கினால் கம்ப்ரஷன் போயிருக்கலாம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப் பொடி நிறம் நல்லது. வெளுத்திருந்தால் சூடு அதிகம். பொடிப்பொடியாக அலுமினியத் துணுக்கு ஒட்டியிருந்தால் பிஸ்டனே உருக ஆரம்பித்துவிட்டது.

அடுத்து, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு சைலன்சரைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் போன் டார்ச்சை அடியுங்கள். பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்தினால் அதன் பக்கவாட்டு தெரியும். செங்குத்தாகக் கோடு விழுந்திருந்தால் பிளாக்கைக் கழற்றத்தான் வேண்டும்.

வெளியே வந்த பிஸ்டனில் கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். சுற்றிலும் உரசியிருந்தால் ஆயில் போதவில்லை. சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் அதிகச் சூடு. நான்கு மூலையில் தனித்தனியாக இருந்தால், இன்ஜின் சூடாகும் முன்பே முறுக்கியிருக்கலாம் அல்லது போர் இறுக்கமாகப் போடப்பட்டிருக்கலாம். கார்பரேட்டர் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் தூசு. ஏர் ஃபில்டர் கிழிந்திருக்கும். தலையில் ஓட்டை விழுந்திருந்தால் தவறான பிளக், டைமிங் கோளாறு அல்லது பெட்ரோல் குறைந்து காற்று அதிகமான கலவை.

அந்தக் கலவைக் கோளாறுக்குக் காரணம் பல நேரம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். மேக்னட் பக்க ஆயில் சீல் காய்ந்தாலோ, கார்பரேட்டர் கேஸ்கட் கிழிந்தாலோ, அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் தானாக ரேஸ் ஆனால் அதைச் சந்தேகிக்கலாம். சீலை மாற்றாமல் பிஸ்டனை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

பிளாக்கில் லேசான கோடு என்றால் ஹோனிங் போதும். ஆழமாக இருந்தால் லேத் பட்டறையில் போர் போட்டு, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்து, அதை அளந்துதான் போர் போடச் சொல்ல வேண்டும். போர்ட் துவாரங்களின் ஓரத்தை மழுக்காமல் விட்டால் ரிங் சிக்கி உடையும். (புல் வெட்டும் மெஷின்களில் பல, உள்ளே முலாம் பூசிய சிலிண்டரோடு வருகின்றன. அவற்றுக்கு இந்த போர் வேலை ஆகாது.)

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து, ஆயில் தடவ வேண்டும். உள்ளே தங்கும் பொடி புது ரிங்கைத் தின்றுவிடும். கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்து, ஆட்டம் இருந்தால் கிராங்க் வேலையும் சேர்ந்துகொள்ளும். ரிங்கின் வாய், பிஸ்டன் காடியில் உள்ள சிறு பின்னுக்கு நேராக உட்கார வேண்டும். சர்க்லிப் எப்போதும் புதுசு. கிராங்க் வாயில் துணி அடைத்துக்கொண்டு மாட்டுங்கள். உள்ளே விழுந்தால் மொத்த இன்ஜினையும் பிரிக்க நேரிடும்.

ஆயில் விஷயத்தில் கண்ணளவு வேண்டாம். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. உங்கள் வண்டிக்கு எது என்பது மேனுவலில் இருக்கும். 'கூட ஊற்றினால் நல்லதுதானே' என்பவர்களின் சைலன்சர் கரி அடைத்துக் கிடக்கும்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாதி ஆக்ஸிலேட்டருக்கு மேல் முறுக்காமல், டபுள்ஸும் மூட்டையும் ஏற்றாமல், இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு ஓட்ட வேண்டும். பிறகு பிளக்கை ஒருமுறை கழற்றி நிறம் பார்த்துவிட்டு, பால் கேனை மாட்டலாம்.