'&' நுழைய முடியாத கோப்பு

சம்பளப் பட்டியலை யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பது போன்ற அனுமதி விதிகளைப் பல மென்பொருள்கள் எக்ஸ்எம்எல் கோப்புகளில் எழுதிவைக்கின்றன. 'கணக்காளராக இருக்க வேண்டும், அலுவலக நெட்வொர்க்கிலிருந்தும் வர வேண்டும்' என்று இரண்டு நிபந்தனைகளை இணைக்க, ஜாவாவில் பழகிய விரல் தானாக && என்று தட்டும். எக்ஸ்எம்எல் அதை ஏற்காது. 1998 பிப்ரவரியில் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட அதன் இலக்கணத்தில் & குறிக்கு வேறு வேலை உண்டு. சிறப்புக் குறியீடுகள் அதில்தான் தொடங்குகின்றன. ஆகவே ஒவ்வொரு &-க்கும் பதிலாக ஐந்து எழுத்துக் குறியீடு ஒன்றை எழுத வேண்டும்; இரண்டு குறி இருந்த இடத்தில் பத்து வந்து உட்காரும். 'அல்லது' என்பதைக் குறிக்கும் || குறிக்கோ எந்தத் தடையும் இல்லை. ஒரே வரியில் பாதி தெளிவு, பாதி அலங்கோலம்.

குறிகளை விட்டுச் சொற்களுக்குப் போவதுதான் வழி. எக்ஸ்எம்எல்லுக்காகவே 1999இல் வந்த எக்ஸ்பாத் என்னும் மொழி, 'ஆண்ட்', 'ஆர்' என்று சொல்லாகவே எழுத வைத்தது. ஜாவா மென்பொருள்களுக்கான பாதுகாப்புக் கட்டமைப்பான ஸ்பிரிங் செக்யூரிட்டியின் அனுமதி விதிகளையும் அப்படி எழுதலாம். நிரல் தெரியாத தணிக்கையாளர்கூட வாசித்துவிடலாம்.

வாசித்துவிடலாம், சரியாகப் புரிந்துகொள்வாரா? 'மேலாளர் ஆர் கணக்காளர் ஆண்ட் அலுவலக நெட்வொர்க்' என்ற விதியைப் பாருங்கள். இருவருமே அலுவலகத்திலிருந்துதான் நுழைய முடியும் என்றே யாருக்கும் தோன்றும். ஆனால் பெரும்பாலான மொழிகளில் 'ஆண்ட்' முதலில் பிணையும். கட்டுப்பாடு கணக்காளருக்கு மட்டும்தான். மேலாளர் எந்த ஊர் விடுதியிலிருந்தும் நுழையலாம். 'ஆண்ட்', 'ஆர்' இரண்டும் கலந்து வரும் இடத்தில் அடைப்புக்குறி இல்லாவிட்டால் கோப்பையே நிராகரிப்பதுதான் நல்ல வடிவமைப்பு என்பேன். நிரலாளர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

பேச்சு வழக்கு இன்னொரு குழி வெட்டும். 'மேலாளர்களும் கணக்காளர்களும் பார்க்கலாம்' என்று நிர்வாகி சொல்வதை அப்படியே 'ஆண்ட்' போட்டு எழுதினால், இரண்டு பதவிகளையும் சேர்த்து வகிப்பவர் மட்டுமே உள்ளே போக முடியும். நிர்வாகி கேட்டது 'ஆர்'.

'நாட்' என்னும் மறுப்புதான் இவற்றில் மிக வழுக்கலானது. 'மேலாளரோ கணக்காளரோ இல்லை' என்பதும் 'மேலாளர் இல்லை, கணக்காளரும் இல்லை' என்பதும் ஒன்றே. மறுப்பு உள்ளே நுழையும்போது 'ஆர்' 'ஆண்ட்' ஆக மாறிவிடுகிறது. இந்த விதிக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாகவே இங்கிலாந்து போய்விட்டார்.

கணக்கு சரியாக இருந்தாலும் மறுப்பு ஆபத்தாகலாம். 'விருந்தினர் அல்லாத எவரும் பார்க்கலாம்' என்று இன்று எழுதிய விதி இன்றைக்குச் சரிதான். அடுத்த ஆண்டு 'பயிற்சி மாணவர்' என்று ஒரு புதிய பதவியைச் சேர்ப்பார்கள். அந்த மாணவர் விருந்தினர் இல்லையே! விதியில் ஓர் எழுத்தையும் யாரும் தொடாமலே, சேர்ந்த அன்றே சம்பளப் பட்டியல் அவருக்குத் திறக்கும்.